மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுகிறானா?

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "பத்து நிமிஷம் பேசினா போதும்ப்பா. பசங்களுக்குப் பயன்படுற மாதிரி தொழில் சம்பந்தமா ஏதாவது சொல்லு" என்றார். நகரத்தில் மரம் வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ சிவில்தானே?" என்று கேட்டார்.

ஆமாம் அண்ணே, சிவில்தான். 2010இல் இந்த வாசல் வழியாக வெளியே போனவன். சிவில் படித்ததனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நம் கல்லூரியிலிருந்தே தொடங்குகிறேன். 2008ஆம் ஆண்டு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். என்.எஸ்.எஸ். சார்பாக மரக்கன்று நடுவிழா. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தவர்களைக்கூட வரவழைத்தார்கள். மொத்தம் 200 கன்றுகள். காலை பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். பதினொன்றரைக்குப் போட்டோ. பன்னிரண்டரைக்குத் தக்காளி சாதம், தயிர் சாதம். பாலித்தீன் பையைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கியவர்களும் எங்களில் உண்டு. வேறு யாரையும் சொல்லவில்லை, நானே அப்படி மூன்று கன்று வைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் போய்ப் பார்த்தபோது இருந்தது ஒன்றே ஒன்று. விடுதி மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற வேம்பு. அது பிழைத்தது எங்கள் திறமையால் அல்ல. மெஸ்ஸில் பாத்திரம் கழுவிய அம்மா, கழுநீரைத் தினமும் அந்தப் பக்கம்தான் ஊற்றுவார். இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தேன், இரண்டு மாடி உயரம் வந்துவிட்டது.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நம் பெரியவர்கள் சொன்னது கடவுளை மனதில் வைத்து. மனுஷன் விஷயத்தில் அது அப்படி நடப்பதில்லை. வைக்கிறவன் ஒருத்தன், ஊற்றுகிறவன் வேறொருத்தன். வைத்தவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஊற்றியவர் பெயரை இத்தனை வருஷம் கழித்தும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த அம்மா வேலையை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறதாம்.

அடுத்துச் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் இன்னும் நாலு வருஷத்தில் நான் நின்ற இடத்தில் நிற்பீர்கள்.

2016இல் தென் சென்னையில் ஒரு மழைநீர் வடிகால் வேலை. ஒப்பந்தக்காரர் தரப்பில் நான் சைட் இன்ஜினியர். வயது 27. தெருமுனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே ஒரு பெரியவர் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வடிகாலின் கோடு மரத்தின் அடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போனது. டிராயிங்கில் அந்த மரமே இல்லை. நம் டிராயிங்குகளில் மேன்ஹோல் இருக்கும், மின்கம்பம் இருக்கும், டெலிபோன் பெட்டி இருக்கும்; மரம் மட்டும் இருக்காது. ஜே.சி.பி. ஓட்டியவர் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "சார், வேர் வருது. தொடை மொத்தம் இருக்கு. என்ன பண்ண?" என்று கேட்டார். அவருக்கு இருந்த யோசனை எனக்கு இல்லை. "எடுத்துடுங்க" என்றேன். மாலையில் அளவெடுத்து எம்-புக்கில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தோண்டிய மண் எத்தனை கன மீட்டர் என்று அதில் இருக்கிறது. வேரை எழுத அதில் கட்டமே கிடையாது.

அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. சென்னை முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை நான் அந்தத் தெருவுக்குப் போனேன். மரம் சாலையின் குறுக்கே கிடந்தது. வேர்த்தட்டு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. மற்றப் பக்கங்களில் வேர்கள் கிழிந்து நார் நாராகத் தொங்கின. நாங்கள் தோண்டிய பக்கம் மட்டும் கத்தியால் வெட்டின கேக் மாதிரி ஒரே நேர்கோடு.

வேர் வெட்டுப்படாத மரங்களும் அன்றைக்கு விழுந்தன. அதனால் இந்த மரம் என்னால்தான் விழுந்தது என்று கோர்ட்டில் யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த நேர்கோட்டை நான் பார்த்தேன். எனக்கு அது போதும்.

இஸ்திரிப் பெரியவர் முந்தின நாளே மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தார். வண்டி நொறுங்கிவிட்டது. கிளைகளை விலக்கி இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். "இருவத்திரண்டு வருஷம் சார், இந்த நிழல்லதான்" என்றார். நான் பதில் பேசாமல் வந்துவிட்டேன்.

இங்கே ஒரு சின்னப் பாடம். என்னைப் போன்ற சிவில் ஆட்களுக்கு மரம் என்றால் ஆணிவேர், அது நேராகக் கீழே போகும், அஸ்திவாரப் பைல் மாதிரி தாங்கும் என்று ஒரு நினைப்பு. வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் கிளைகளின் வீச்சையும் தாண்டிப் போகும். ஆக அது பைல் இல்லை, ராஃப்ட் அஸ்திவாரம். ராஃப்டில் ஒரு பக்கத்தை அறுத்தால் என்ன ஆகும் என்று இரண்டாம் ஆண்டு மாணவரும் சொல்வார்.

கட்டட வேலையின்போது மரத்தைக் காப்பதற்கென்றே பிரிட்டனில் ஒரு தர ஆவணம் இருக்கிறது, பி.எஸ். 5837 என்று பெயர். மரத்தடி விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரத்தை வேரின் எல்லையாக அது வைத்துக்கொள்கிறது. விட்டம் அரை மீட்டர் என்றால் சுற்றிலும் ஆறு மீட்டர். நம் தெருக்களின் அகலமே சில இடங்களில் ஆறு மீட்டர்தான், அதனால் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் அதில் இன்னொன்றும் உண்டு. 25 மில்லிமீட்டருக்கு மேல் பருமனான வேரை விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் வெட்டக்கூடாது, அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்ட வேண்டும். இதை எந்தத் தெருவிலும் செய்யலாம். 25 மில்லிமீட்டர் என்பது உங்கள் கட்டைவிரல் பருமன், அளவுகோல்கூட வேண்டாம். 2016இல் இந்த ஒரு வரி எனக்குத் தெரியாது.

சரி, மறுபடி மரம் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்போது அந்தத் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தேன். யாரிடம் போய் உதவி கேட்பது என்று தெரியவில்லை. உண்மையில் இந்தப் பேச்சே அதைப் பற்றித்தான்.

முதலில் வனத்துறை நாற்றங்கால். வனத்துறைக்கு மாவட்டம்தோறும் விரிவாக்கப் பிரிவும் நாற்றங்கால்களும் உண்டு. 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு கன்று கிடைப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. தனியார் நர்சரியில் அலங்காரச் செடிதான் முன்னால் நிற்கும், நாட்டு மரம் கேட்டால் பின்னால் தேடிப் போவார்கள். நான் போன நாற்றங்காலில் ஒரு வயதான ஊழியர் இருந்தார். நான் உயரமான கன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேன். அவர் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டார். "உயரத்தப் பாக்காதீங்க தம்பி, அடியப் பாருங்க" என்றார். அடித்தண்டு பென்சிலைவிடத் தடிமனாக இருக்க வேண்டும், தாங்கு குச்சி இல்லாமல் நிற்க வேண்டும். பையின் அடியில் வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் அது பையில் அதிக நாள் கிடந்த கன்று; மண்ணில் வைத்தாலும் வேர் அதே வட்டத்தில்தான் சுற்றும், பத்து வருஷம் கழித்துக் காற்றில் சாயும். இந்தப் பாடத்துக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை. கன்று விலைதான், அதுவும் ஒரு டீ, வடை காசு.

எந்த மரம் என்பதையும் அவரிடமே கேட்டேன். வர்தாவில் விழுந்தவற்றில் குல்மொகர், மஞ்சள் பூ பூக்கிற பெல்டோபோரம், தூங்குமூஞ்சி மாதிரி வெளியிலிருந்து வந்த மரங்கள் நிறைய. குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்து மரம். சீக்கிரம் வளரும், சீக்கிரம் நிழல் தரும் என்பதால் எல்லோரும் வைத்தார்கள். அவற்றை வில்லனாக்க நான் தயாரில்லை, அந்தப் பெரியவருக்கு 22 வருஷம் நிழல் கொடுத்தது தூங்குமூஞ்சிதான். ஆனால் புயல் வருகிற கடற்கரை ஊரில், ஒடுங்கிய நடைபாதையில், அவை பொருத்தமில்லை. கடலோர உப்புக்காற்றுக்குப் பூவரசு, பொதுவாக எங்கும் புங்கை, வேம்பு, அவசரம் இல்லாதவருக்கு மகிழம். மகிழம் மெதுவாக வளரும், காற்றுக்கு அசையாது. மேலே மின்கம்பி போனால் சரக்கொன்றை, மந்தாரை போன்ற சிறு மரங்கள். இல்லாவிட்டால் வருஷாவருஷம் கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டி, மரம் ஒரு கை இல்லாதவர் மாதிரி நிற்கும். அப்புறம் அது கனமான பக்கமாகச் சாயும். எங்கு பார்த்தாலும் பச்சைச் சுவர் மாதிரி வளர்த்தார்களே கொனோகார்பஸ், அதைக் குஜராத் 2023இல் தடை செய்தது, நம் மாநிலத்திலும் 2025இல் தடை வந்துவிட்டது. நம் கல்லூரி கேட்டருகே அது ஒரு வரிசை நிற்கிறது என்பதை முதல்வர் அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இரண்டாவது மாநகராட்சி. நடைபாதை என்பது நம் வீட்டுத் தோட்டம் இல்லை, சொல்லாமல் குழி தோண்டக் கூடாது. கீழே கேபிள் இருக்கும், குடிநீர்க் குழாய் இருக்கும். சென்னையில் 1913 என்ற எண்ணில் கூப்பிட்டால் பூங்காத் துறைக்குச் செய்தி போகும். மற்ற ஊர்களில் வார்டு அலுவலகம். நான் நேரில் போனேன். தடை சொல்வார்கள் என்று நினைத்துப் பெரிய மனுவாக எழுதிப் போயிருந்தேன். அங்கிருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "நடுறேன்னு வர்றவங்க நெறைய பேரு சார். தண்ணி ஊத்துறேன்னு யாராவது எழுதிக் குடுத்தா சொல்லுங்க" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

மூன்றாவது, மரத்தை நேசிக்கிறவர்கள். சென்னையில் 'நிழல்' என்ற அமைப்பு 2005 முதல் இயங்குகிறது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டிக் குப்பை கொட்டிக்கிடந்த இடத்தை மரப்பூங்காவாக மாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. மரங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தெருத்தெருவாக நடக்கிற 'மர நடை' நடத்துவார்கள். மரத்தில் அறைந்த ஆணி, விளம்பரப் பலகை, கழுத்தை நெரிக்கிற இரும்புக் கூண்டு, அடியில் போட்ட சிமெண்ட் இவற்றை எடுப்பதையும் ஒரு வேலையாகச் செய்கிறார்கள். புது மரம் வைக்காமல் இருக்கிற மரத்துக்கு உதவுவது என்பதே அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம். டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013இல் உத்தரவிட்டது. சிவில்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உத்தரவு.

இப்படி மூன்று இடத்தில் உதவி கிடைத்தது. 2017 அக்டோபரில் 11 கன்று வைத்தோம். நாலு புங்கை, மூன்று பூவரசு, இரண்டு மகிழம், இரண்டு வேம்பு. ஜூன் 5இல் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கும் சரி, இந்தக் கரிசல் பூமிக்கும் சரி, மழை என்பது ஐப்பசி, கார்த்திகைதான். ஜூனில் வைத்தால் முதல் நாலு மாதம் கன்றோடு சேர்ந்து நாமும் வாட வேண்டும். சுற்றுச்சூழல் நாளை மாற்றச் சொல்லவில்லை. அன்றைக்குப் பேச்சுப் போட்டி வைத்துக்கொள்ளலாம், குழியை அக்டோபரில் தோண்டலாம்.

குழி இரண்டு அடி நீளம், அகலம், ஆழம். பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு, தண்டும் வேரும் சேருமிடம் தரைமட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அடித்தண்டு அழுகும். குச்சியோடு சணல் கயிற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிட வேண்டும். கட்டுவது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அவிழ்ப்பதுதான் இருக்காது. இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

நாலாவது உதவி எங்கேயிருந்து வந்தது தெரியுமா? கன்று வைத்துக்கொண்டிருந்தபோது இஸ்திரிப் பெரியவர் புது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க வெச்சிட்டுப் போயிடுவீங்க. எனக்குல்ல நிழல் வேணும். ஒரு கொடம் வாங்கிக் குடுங்க" என்றார். இரண்டு குடம் வாங்கிக் கொடுத்தேன். எதிர்வீட்டு வாட்ச்மேன் குழாயைத் திறந்துவிடுவார், பெரியவர் வாரத்துக்கு மூன்று நாள், கன்றுக்கு ஒரு குடம். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதைவிட இது நல்லது. தண்ணீர் ஆழமாக இறங்கினால் வேரும் கூடவே இறங்கும்.

பிறகு 2019 வந்தது. அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. லாரிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். குடிக்கிற தண்ணீருக்கே அடிதடி நடக்கிற தெருவில், செடிக்கு ஊற்று என்று எந்த முகத்தோடு கேட்பது? வாட்ச்மேன் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "ஏ.சி.லேருந்து சொட்டுற தண்ணி எல்லா வீட்டுலயும் வீணாத்தானே போகுது? வாளி வெச்சுப் புடிங்க." பதினாலு வீடுகளில் பேசினோம். ஒன்பது வீட்டில் வாளி வைத்தார்கள். அதோடு அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரையும் கொடுத்தார்கள். அதில் உப்பு அதிகம், நாள் தவறாமல் அதையே ஊற்றக் கூடாது என்பதால் பூவரசுக்கு மட்டும் அவ்வப்போது கொடுத்தோம். சாயங்காலம் பெரியவர் தன் இஸ்திரி வண்டியிலேயே வாளிகளை ஏற்றி வந்து ஊற்றுவார். துணி வாங்கப் போகிற வீட்டிலேயே தண்ணீரும் வாங்கிக்கொள்வார். அந்தக் கோடையில் இரண்டு கன்று போயிற்று. அதற்கு முன்னாலேயே ஒன்றை மாடு தின்றது, ஒன்றை யாரோ காரைப் பின்னால் எடுத்து ஏற்றிவிட்டார்கள். பிறகு ஒன்று, கடை போர்டை மறைக்கிறது என்று ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. ஆக, மிச்சம் ஆறு.

பதினொன்றுக்கு ஆறு. 200க்கு ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்கா என்ற அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 385 ஆலமரங்களைச் சாலையோரம் வளர்த்து, 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் கணவரும் முதலில் வைத்தது பத்துக் கன்றுகள்தான் என்பார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து போய் ஊற்றியிருக்கிறார்கள். பத்திரிகைகளில் 385 என்ற எண்தான் பெரிதாக வரும். எனக்கு அந்தக் குடம்தான் கண்ணில் நிற்கிறது.

2022இல் அதே சாலையில் மறுபடி வடிகால் வேலை. வேறு ஒப்பந்தக்காரர். சுண்ணாம்புக் கோடு எங்கள் பூவரசுக்கு அரை மீட்டர் பக்கத்தில் வந்தது. பெரியவர் எனக்குப் போன் செய்தார். போனால் 25 வயதுப் பையன் ஒருவன் ஹெல்மெட்டோடு நிற்கிறான். "மரம் டிராயிங்குல இல்ல சார்" என்றான். என் குரலை நானே கேட்டது போல் இருந்தது. டேப்பை எடுத்து அளந்தோம். மரத்தடி 15 சென்டிமீட்டர். காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. கோட்டை 45 சென்டிமீட்டர் நகர்த்தலாம், மரத்தின் பக்கம் மூன்று மீட்டருக்குக் கையால் தோண்டலாம், சின்ன வேரை ரம்பத்தால் சுத்தமாக வெட்டலாம், பெரிய வேரை ஈரச் சாக்கால் மூடி வைக்கலாம் என்று சொன்னேன். நல்ல பையன். மேலே கேட்டு அனுமதி வாங்கினான். கூடுதலாக ஆனது ஒன்றரை நாள் கூலி.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். "ஐயா, அந்தப் பழைய மரத்தோட வேரை வெட்டச் சொன்னது நான்தான்." அவர் கரியை விசிறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தெரியும் சார். மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு நீங்க நின்னத நான் பாத்தேனே" என்றார். ஆறு வருஷமாக ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா நீங்க செடி வெக்க வந்திருப்பீங்களா? இந்தப் பக்கமே தல வெச்சிருக்க மாட்டீங்க" என்றார். அப்புறம் என் சட்டையைக் கொடுத்தார், பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒரு புங்கை சாய்ந்தது. நிமிர்த்திக் கட்டினோம், பிழைத்துக்கொண்டது. மற்ற ஐந்தும் அசையவில்லை. வண்டி இப்போது பூவரசின் கீழே நிற்கிறது.

வெளியூர் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு தகவல். பொது இடத்து மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், நம் மாநிலத்தில் 2021 முதல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது, அங்கே எழுதுங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மர அலுவலர் உண்டு. கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும், கோவையிலேயே வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும் அருகில். இந்த இடங்களிலெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு மரத்தைப் பற்றியே யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் போய்க் கேட்பதில்லை.

இனி செயலாளர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அழைப்பிதழில் 'பேட்சுக்கு 100 மரக்கன்று' என்று ஒரு திட்டம் பார்த்தேன். 24 பேட்ச், 2,400 கன்று. நாம் இன்ஜினியர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். கன்றுக்கு ஒரு குடம், 15 லிட்டர். ஒரு தடவை ஊற்ற 36,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் மூன்று லாரி. கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது. மெஸ்ஸுக்கே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊர் இது.

என் வேண்டுகோள் இதுதான். 2,400 வேண்டாம், 60 போதும். அந்தப் பணத்தில் ஒரு தோட்டக்காரரை மூன்று வருஷத்துக்கு வேலைக்கு வையுங்கள். மூன்று வருஷம் என்பது 36 மாதம். 24 பேட்சுக்குப் பங்கிட்டால் பேட்சுக்கு ஒன்றரை மாதச் சம்பளம். 2010 பேட்ச் சார்பாக எங்கள் பங்கை இப்போதே கொடுக்கத் தயார், நேற்று இரவு வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிட்டோம். எதிர்த்தவர்கள் இரண்டு பேர். அவர்களும் கொடுப்பார்கள். தோட்டக்காரருக்குப் பெயர்ப்பலகை வையுங்கள், எங்களுக்கு வேண்டாம். கன்றுக்கு எண் போட்டு ஒரு பதிவேடு. மாதம் ஒருமுறை மாணவர்கள் எண்ணிப் பார்த்து எழுதட்டும், செத்ததையும் எழுதட்டும். செத்த கன்றின் காரணத்தை எழுதி வைத்தால்தான் அடுத்த கன்று பிழைக்கும்.

கடைசியாக ஒன்று. சிவில் பிளாக் முன்னால் நாலு வேப்பமரம் இருக்கிறதே, அதன் அடித்தண்டு வரை பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். நம் துறை வாசலிலேயே! முதல்வர் அவர்களிடம் காலையில் அனுமதி கேட்டேன், கொடுத்துவிட்டார். நாளைக் காலை ஆறரை மணிக்கு, மரத்துக்கு ஒரு மீட்டர் சுற்றளவில் கல்லைப் பெயர்த்து எடுக்கப் போகிறோம். பெயர்த்த கல்லைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறார். என்னிடம் இரண்டு கடப்பாரை இருக்கிறது. விடுதி மாணவர்கள் யாரிடமாவது இன்னும் இரண்டு கிடைத்தால் கொண்டுவாருங்கள், எட்டரை மணி டிபனுக்குள் முடித்துவிடலாம். கவனம், வேர் மேலாகவே இருக்கும், கடப்பாரையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.